ஹோட்டல் வைஃபையில் உங்களைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? எதை எப்படி மறைப்பது?

ஹோட்டல்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். தாழ்வாரக் கூரைக்குள் கேபிள் இழுப்பது, ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) மாட்டுவது, கடைசியில் சர்வர் அறையில் உட்கார்ந்து எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று திரையில் பார்ப்பது, இதுதான் வேலை. அந்தத் திரையைப் பார்த்துப் பழகிவிட்டதால், வெளியூரில் அறை எடுக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று ஓரளவு தெரியும். தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஹோட்டல் வைஃபையில் பேங்க் ஆப் திறக்கலாமா?" தாராளமாகத் திறக்கலாம். கவலைப்பட வேண்டியவை வேறு இடத்தில் இருக்கின்றன.

அந்தத் திரையில் என்ன தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி இருக்கும். வரியின் தொடக்கத்தில் கருவியின் பெயர். பலர் போனுக்குத் தங்கள் பெயரையே வைத்திருப்பதால் "இன்னாருடைய ஐபோன்" என்று ஆளே வந்து நிற்பார். பக்கத்தில் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண். அந்தக் கருவி எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு இணைந்திருக்கிறது, அதாவது எந்த மாடி, தாழ்வாரத்தின் எந்தக் கோடி. எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு டேட்டா இழுத்தது. லாகின் பக்கத்தில் அறை எண்ணைக் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடிச் சொல்லும் சேவை) பதிவு வைத்திருக்கும் இடமாக இருந்தால் அந்தக் கருவி எந்தெந்தத் தளத்தைத் தேடிப் போனது என்ற பட்டியலும் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை, அடுத்து ஒரு காப்பீட்டு நிறுவனம், அடுத்து வேலை தேடும் தளம் என்று வரிசையாக வந்தால், அந்த அறையில் இருப்பவரின் நிலைமை பாதி புரிந்துவிடும். பாஸ்வேர்டு ஒன்றுகூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பாஸ்வேர்டு மட்டும் ஏன் தெரியாது? 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஒரு ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வந்தது. திறந்த வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் போக ஒரு பட்டனைத் தட்டினால் போதும் என்ற நிலை. அப்போது பல தளங்கள் லாகின் செய்யும் பக்கத்தை மட்டும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு மற்றதை எல்லாம் திறந்தபடியே அனுப்பின. பொது வைஃபையில் பேங்க் பக்கம் போகாதே என்ற அறிவுரை அந்தக் காலத்தது. பிறகு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, இப்படிப் பூட்டுவதற்குத் தளங்களுக்குத் தேவைப்படும் சான்றிதழை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம், எச்டிடிபிஎஸ் என்ற அந்தப் பூட்டு இல்லாத தளங்களுக்கெல்லாம் முகவரிப் பட்டையிலேயே "பாதுகாப்பற்றது" என்று போட ஆரம்பித்தது. இன்று நீங்கள் போகும் தளங்களில் அநேகமாக எல்லாமே பூட்டித்தான் வருகின்றன. நடுவில் இருப்பவருக்குத் தளத்தின் பெயர் தெரியும். உள்ளே நீங்கள் படிப்பதும் தட்டச்சு செய்வதும் தெரியாது.

ஆகவே ஹோட்டலில் உங்களிடமிருந்து போவது இரண்டு வழியில். ஒன்று, நீங்கள் யார், எங்கெல்லாம் போகிறீர்கள் என்ற விவரம் தானாகக் கசிவது. இன்னொன்று, நீங்களே "சரி" என்று தட்டி அனுமதி கொடுப்பது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் அடைப்பதற்குத்தான்.

கிளம்புவதற்கு முன்

போனையும் லேப்டாப்பையும் வீட்டிலேயே அப்டேட் செய்துவிடுங்கள். சோம்பல்படாமல் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் டார்க்ஹோட்டல் என்ற கும்பலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசியாவின் சொகுசு ஹோட்டல்களில் தங்கும் நிறுவன அதிகாரிகள்தான் அவர்களின் குறி. அதிகாரி அறைக்கு வந்து, பெயரும் அறை எண்ணும் கொடுத்து வைஃபைக்குள் நுழைந்ததும், ஃபிளாஷ் பிளேயர் மாதிரி தெரிந்த மென்பொருள் ஒன்றுக்கு அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் காட்டும். தட்டினால் உளவு மென்பொருள் உள்ளே வந்துவிடும். எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை, அவரே கதவைத் திறந்துவிட்டார். ஹோட்டல் நெட்வொர்க்கில் இருக்கும்போது தானாக வந்து நிற்கும் எந்த அப்டேட் செய்தியையும் மூடிவிடுங்கள். அவசரமாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் போனின் செட்டிங்ஸுக்குள் நீங்களே போய்ச் செய்யுங்கள்.

அப்புறம், கருவியின் பெயரை மாற்றுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் முதல் வரியே பெயர்தான். ஆண்ட்ராய்டிலும் "போனைப் பற்றி" என்ற பகுதியில் இருக்கும். விண்டோஸில் சிஸ்டம் பக்கத்திலேயே மாற்றலாம். "போன்" என்று வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை, அந்தத் திரையில் உங்கள் பெயர் இருக்காது.

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) பயன்படுத்துவதாக இருந்தால் அதையும் வீட்டிலேயே நிறுவி, லாகின் செய்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். போன இடத்தில் விபிஎன் நிறுவனத்தின் தளமே திறக்காமல் போகலாம். சில நாடுகளில் விபிஎன் பயன்படுத்துவதற்கே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு, அதையும் முன்கூட்டியே பாருங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸில் வருகிறது என்றால் போனிலேயே எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கோ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியிலேயே இருக்கும் பாஸ்கீக்கோ மாறிவிடுங்கள். வெளிநாட்டில் சிம் வேலை செய்யாத நேரத்தில்தான் பேங்க் ஓடிபி கேட்கும்.

எந்த நெட்வொர்க்கில் சேர்வது

முடிந்தால் எதிலும் சேராதீர்கள். போனின் டேட்டா போதுமான அளவு இருந்தால் அதையே ஹாட்ஸ்பாட்டாக்கி லேப்டாப்பை அதில் இணைப்பதுதான் என் முதல் தேர்வு. இந்தக் கட்டுரையின் பாதி கவலை அதிலேயே தீர்ந்துவிடும். ஹோட்டலுக்கு இது பிடிக்காமலும் போகலாம். 2014இல் மேரியட் நிறுவனம், அமெரிக்காவில் தன் ஹோட்டல் ஒன்றின் மாநாட்டுக் கூடங்களில் வந்தவர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளைத் துண்டித்ததற்காக, அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

ஹோட்டல் வைஃபைதான் வழி என்றால், அதன் சரியான பெயரை ரிசப்ஷனில் கேளுங்கள். எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பட்டியலில் ஒரே மாதிரி மூன்று பெயர் இருந்து, ஒன்றின் கடைசியில் மட்டும் "ஃப்ரீ" என்று ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். 2024இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சிப் போலீஸ் ஒருவர் மீது வழக்குப் போட்டது. விமான நிலையங்களிலும், பறக்கும் விமானத்துக்குள்ளேயும், அங்கே ஏற்கெனவே இருக்கும் இலவச வைஃபையைப் போலவே ஒன்றை உருவாக்கி, இணைபவர்களிடம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைப் போட்டு உள்ளே வரச் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கருவியே இதற்குப் போதும்.

பெயர் சரியாக இருந்தாலும் அது அசல்தான் என்று சொல்ல முடியாது. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பாஸ்வேர்டு கேட்கும் வைஃபை என்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பாஸ்வேர்டு ரிசப்ஷன் மேசையில் அட்டையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லா அறைக்கும் ஒன்றேதான். வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில், அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் நீங்கள் இணையும் நொடியைப் பிடித்துவிட்டால் வைஃபையின் பூட்டை அவிழ்க்க முடியும். அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, ஆனால் நீங்கள் தங்கும் இடத்தில் அது இருக்கிறதா என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் நெட்வொர்க் அசலா போலியா என்று துப்பறிவதில் நான் நேரம் போக்குவதில்லை. எது வந்தாலும் போலி என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

லாகின் பக்கம்

ஹோட்டல் வைஃபையில் உண்மையான ஆபத்து இங்கேதான். இணைந்ததும் ஒரு சின்ன ஜன்னல் திறந்து அறை எண்ணும் குடும்பப் பெயரும் கேட்கும். முன்பதிவு மென்பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விடும். உங்கள் பெயர், அறை, கருவி, நேரம் நான்கும் ஒன்றாக முடிச்சுப் போடப்படுவது இந்த நொடியில்தான். பல இடங்களில் இதற்கு மாற்று உண்டு. ரிசப்ஷனில் "வவுச்சர் கோடு இருக்கிறதா?" என்று கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை அச்சிட்டுக் கொடுப்பார்கள். மாநாட்டுக்கு வருபவர்களுக்காக வைத்திருப்பது அது. கேட்பவர்கள் குறைவு என்பதால் அவர்களாக எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

மின்னஞ்சல் கேட்கும் பக்கம் என்றால் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நடத்துவது பெரும்பாலும் ஹோட்டல் இல்லை, வேறொரு நிறுவனம். அவர்கள் கொடுக்கும் நிர்வாகப் பக்கத்தில் விருந்தினர் பட்டியல் என்று ஒரு தாவல், அதன் வலது மூலையில் "ஏற்றுமதி" என்று ஒரு பட்டன். அமுக்கினால் பெயர், மின்னஞ்சல், போன் எண், பிறந்த தேதி கேட்டிருந்தால் அதுவும், எக்செல் கோப்பாக இறங்கிவிடும். அதை இறக்கிக் கொடுக்கச் சொல்லி மார்க்கெட்டிங் ஆட்கள் எங்களைக் கேட்பது வழக்கம். ஆகவே இதற்கென்று ஒரு உபரி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். "சலுகைகளை அனுப்பலாம்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துவிடுங்கள். பிறந்த தேதி கட்டாயம் என்றால் எனக்கு ஜனவரி 1. போன் எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் இணையம் என்பது சில நாடுகளில் சட்டம், அங்கே வேறு வழியில்லை.

எதைக் கொடுக்கவே கூடாது? கூகிள் அல்லது ஃபேஸ்புக் கணக்கில் நுழையுங்கள் என்றால் வேண்டாம். வைஃபைக்காக மின்னஞ்சலின் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் போலி, அதில் சந்தேகமே இல்லை. கட்டணம் என்றால் அட்டை எண்ணை அங்கே அடிக்காமல் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். செயலி இறக்கு, சான்றிதழ் நிறுவு, புரொஃபைல் (போனின் அமைப்புகளை மாற்றும் கோப்பு) நிறுவு என்று கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். சான்றிதழ் விஷயம் குறிப்பாக மோசம். அடுத்தவரின் சான்றிதழை நம்பகமானது என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், மேலே நான் பெருமையாகச் சொன்ன எச்டிடிபிஎஸ் பூட்டையே அவர் திறந்து படிக்கலாம்.

சில நேரம் லாகின் ஜன்னல் திறக்காது, உலாவி மட்டும் சான்றிதழ் சரியில்லை என்று அலறும். பதற வேண்டாம். நீங்கள் கேட்ட தளத்துக்கு நடுவில் புகுந்து ஹோட்டல் தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது, உலாவி தடுக்கிறது, அவ்வளவுதான். "பரவாயில்லை, தொடரலாம்" என்பதைத் தட்டாமல், நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளத்தைத் திறந்து பாருங்கள். இதற்காகவே எச்டிடிபிஎஸ் இல்லாமல் வைத்திருக்கும் பக்கம் அது. லாகின் ஜன்னல் தானாக வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் தேடலைப் பூட்டி அனுப்பும் ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். உள்ளே போனபிறகும் அதே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால் அந்த நெட்வொர்க்கே வேண்டாம்.

ஹோட்டல்காரர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்களின் பெட்டி நல்லதாக இருக்க வேண்டுமே. 2015 மார்ச்சில் சைலன்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், பல ஹோட்டல்கள் பயன்படுத்திய இன்கேட் என்ற கேட்வே பெட்டியில் (விருந்தினர் வைஃபையை இணையத்தோடு இணைக்கும் பெட்டி) ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. 29 நாடுகளில் 277 பெட்டிகளை, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலே, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்ற நிலையில் அவை இருந்தன. தயாரித்தவர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். ஒருமுறை மாட்டிவிட்டு வந்தபிறகு அந்தப் பெட்டியை யார் அப்டேட் செய்கிறார்கள் என்று என்னைக் கேட்டால், பல இடங்களில் யாரும் இல்லை.

விபிஎன்: செய்ய வேண்டிய வரிசை

முதலில் வைஃபை, பிறகு லாகின் பக்கம், பிறகு விபிஎன், அதன் பிறகுதான் மற்ற செயலிகள். விபிஎன்னை முதலிலேயே போட்டால் லாகின் பக்கம் வராது. விபிஎன்னைப் போடும்வரை இருக்கும் இடைவெளியில் பின்னணியில் இருக்கும் செயலிகள் எல்லாம் வெளியே பேசிக்கொண்டிருக்கும். லாகின் முடிந்ததும் "எப்போதும் விபிஎன்", "விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு" இரண்டையும் ஆண்ட்ராய்டில் போட்டுவிடுங்கள். லேப்டாப்பில் விபிஎன் செயலிக்குள், விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் "கில் ஸ்விட்ச்" என்று இருக்கும். லிஃப்டில் போகும்போது இணைப்பு அறுந்து திரும்ப ஒட்டும், அந்த நேரத்துக்குத்தான் இது.

விபிஎன் போட்டபின் ஹோட்டலின் திரையில் தளங்களின் பட்டியல் இருக்காது. ஒரே ஒரு சர்வரோடு நீங்கள் பேசிக்கொண்டே இருப்பது மட்டும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியல் இப்போது விபிஎன் நிறுவனத்திடம் இருக்கிறது. இலவச விபிஎன் போடுவதைவிட ஹோட்டலையே நம்பலாம் என்பது என் கருத்து. ஹோட்டலுக்கு வாடகையில் வருமானம், இலவச விபிஎன்னுக்கு வருமானம் எங்கிருந்து? கை பழகியவர்கள் வீட்டு ரவுட்டரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு வைத்து அதற்கு இணைந்துகொள்ளலாம், நான் செய்வது அதுதான். அலுவலக விபிஎன் போட்டால் அலுவலகத்துக்குத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விபிஎன்னும் முழுக் கவசம் இல்லை. 2024 மே மாதம் டனல்விஷன் என்ற தாக்குதல் முறை வெளியானது. நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர், அதன் 121ஆம் விருப்பம் வழியாக உங்கள் கருவிக்கு வேறு பாதை சொல்லிக்கொடுத்து, போக்குவரத்தை விபிஎன்னுக்கு வெளியே திருப்பிவிடலாம். ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் அது தப்பித்தது. மிகவும் அந்தரங்கமான வேலை என்றால் போனின் டேட்டாவுக்குப் போய்விடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விபிஎன்னே வேண்டாம் என்பவர்கள் குறைந்தபட்சம் டிஎன்எஸ்ஸைப் பூட்டுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற தேர்வு உண்டு. தளத்தின் பெயர் இணைப்பு தொடங்கும்போது பெரும்பாலும் இன்னொரு முறை வெளிப்படையாகப் போகும் என்பதால் இது பாதிப் பாதுகாப்புதான்.

பக்கத்து அறைக்காரர்

அறைக்குப் போனதும் நான் செய்யும் ஒரு சோதனை. யூடியூபைத் திறந்து, டிவிக்கு அனுப்பும் காஸ்ட் குறியைத் தட்டிப் பார்ப்பேன். என் அறை டிவி மட்டும் வந்தால், அல்லது எதுவுமே வராவிட்டால், நல்லது. அறை 312 டிவி, 314 டிவி, யாரோ ஒருவரின் ஸ்பீக்கர் என்று வரிசையாக வந்தால், அறைகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் பிரித்து வைக்கும் அமைப்பை யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் எனக்குத் தெரிந்தால் நானும் அவர்களுக்குத் தெரிவேன்.

அந்த மாதிரி இடத்தில் லேப்டாப்பில் நெட்வொர்க் வகை "பப்ளிக்" என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் அப்போதுதான் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கும். கோப்புப் பகிர்வை அணையுங்கள். ஆப்பிளின் மேக் கணினியில் ஃபயர்வாலைப் போடுங்கள். ஏர்டிராப் "தொடர்புகளுக்கு மட்டும்" என்று இருக்கட்டும். போனில் பிரைவேட் வைஃபை முகவரி (உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டும் வசதி) என்பதை அணைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அது தானாகவே இருக்கிறது. ஒரே குழும ஹோட்டல்களில் அடிக்கடி தங்குபவரை மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்பதை அது கடினமாக்குகிறது. குடும்பமாகப் போய்க் கையில் ஏழெட்டுக் கருவி இருந்தால் சிறிய பயண ரவுட்டர் ஒன்று வாங்கிவிடலாம். அது ஒன்று மட்டும் ஹோட்டலில் லாகின் செய்யும், மற்றவை எல்லாம் அதன் பின்னால், ஒரே விபிஎன்னில்.

டிவி, லாபி கணினி, கிளம்பும் நேரம்

அறை டிவியில் நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். முன்பு தங்கியவரின் கணக்கு அப்படியே திறந்து கிடப்பதை, அவர் பார்த்து நிறுத்திய தொடரின் பாதி எபிசோடு உட்பட, டிவி சரிபார்க்கப் போன அறைகளில் நிறையவே பார்த்திருக்கிறேன். செயலி அனுமதித்தால் போனிலிருந்து காஸ்ட் செய்யுங்கள், இல்லையென்றால் லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள்.

லாபியில் விருந்தினர்களுக்காக வைத்திருக்கும் கணினியில் எந்தக் கணக்கிலும் நுழைய வேண்டாம். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிந்து அனுப்பும் கீலாகர் மென்பொருளை இந்த மாதிரிக் கணினிகளில் நிறுவிய ஆட்கள் பிடிபட்டதை ஒட்டி, 2014 ஜூலையில் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஹோட்டல்களுக்கே எச்சரிக்கை அனுப்பியது. போர்டிங் பாஸ் அச்செடுக்க வேண்டுமா? அந்த ஒரு பிடிஎஃப்பை மட்டும் ரிசப்ஷன் மின்னஞ்சலுக்கு அனுப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அறையைக் காலி செய்யும்போது அந்த வைஃபையை "மற" என்று கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் வேறெங்காவது ஒன்று எதிர்ப்பட்டாலும் போன் கேட்காமல் இணையப் பார்க்கும். டிவியில் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டீர்கள், வெளியேற மறந்து டாக்ஸியும் ஏறிவிட்டீர்கள் என்றால், நெட்ஃபிளிக்ஸிலும் கூகிளிலும் கணக்கு அமைப்புகளுக்குள் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. டாக்ஸியில் உட்கார்ந்தபடியே அந்த டிவியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிடலாம். பட்டியலில் டிவியின் தயாரிப்புப் பெயர்தான் இருக்கும், கடைசியாகப் பயன்படுத்திய தேதியை வைத்துக் கண்டுபிடியுங்கள்.